அருள்சகோதரிகளுக்கு ஏன் ஓர் அருளடையாளம் இல்லை?

ஞாயிறு வகுப்பு ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம்.

உறுதிபூசுதலுக்குத் தயாராகும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பிக்கிறேன். கடந்த ஞாயிறு, கடவுளின் அருளைத் தரும் புனிதச் சடங்குகளான ஏழு அருளடையாளங்களையும் கரும்பலகையில் எழுதி, நம் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏட்டில் உள்ளபடி மூன்று வட்டங்களாகப் பிரித்துக் காட்டினேன். திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை ஆகியவை கிறிஸ்தவ வாழ்வில் புகுமுகத்துக்கு. பாவமன்னிப்புத் தரும் ஒப்புரவும் நோயில்பூசுதலும் குணமளிக்க. குருத்துவமும் திருமணமும் பணிக்கு. இந்த இடத்தில் வழக்கமாக யாரும் எதுவும் கேட்பதில்லை. இம்முறை கடைசி வரிசையில் இருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"குருவாகிறவருக்கு ஓர் அருளடையாளம் இருக்கிறது. திருமணம் செய்துகொள்கிறவர்களுக்கும் இருக்கிறது. என் அத்தை அருள்சகோதரி. வாழ்நாள் முழுவதையும் கடவுளுக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு மட்டும் ஏன் ஒன்றும் இல்லை?"

"அவருக்குத் திருமுழுக்கே போதும்" என்று சொல்லிவிட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். ஆனால் அது பதில் இல்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. திருமுழுக்கே போதும் என்றால் மற்ற இரண்டு பேருக்கும் மட்டும் ஏன் போதவில்லை? வீடு வந்து சேரும்வரை இந்தக் கேள்வி என்னோடு கூடவே வந்தது.

இன்னொரு தவறும் செய்தேன். திருமண அருளடையாளத்தை வழங்குவது யார் என்று ஒரு பையன் கேட்டபோது, யோசிக்காமல் "குரு" என்றேன். வீட்டில் ஏட்டின் 1623ஆம் பத்தியைப் புரட்டியபோதுதான் கை நின்றது. மணமக்களே ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள் என்று இருக்கிறது. அப்படியானால் குரு அங்கே எதற்கு நிற்கிறார்? வரும் ஞாயிறு நான் பிள்ளைகளிடம் திருத்திச் சொல்ல வேண்டும். அறிந்தவர்கள் உதவுங்கள்.


பழைய உபதேசியார்

இயேசுவுக்கே புகழ், மகளே. உன் மாணவி கேட்டது சின்னக் கேள்வி அன்று. பல நூறு ஆண்டுகள் திருச்சபையே அதைக் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்திருக்கிறது.

அருளடையாளங்கள் ஏழுதான் என்று எண்ணிக் கட்டி வைத்தது 12ஆம் நூற்றாண்டில். பாரிசில் கற்பித்த பீட்டர் லொம்பார்டு தம் பாடநூலில் இன்று நீ கரும்பலகையில் எழுதிய அதே ஏழைத்தான் வரிசைப்படுத்தினார். 1439இல் ஆயர்கள் கூடிய புளோரன்ஸ் பொதுச்சங்கம் அதை விரிவாக எடுத்துரைத்தது. அதற்கு முன்பு கணக்கு இவ்வளவு கறாராக இல்லை. தியோனிசியு என்ற பெயரில் கிரேக்கத்தில் எழுதிய ஒருவர், ஏறத்தாழ 500ஆம் ஆண்டையொட்டி, திருச்சபையின் புனிதச் சடங்குகள் ஆறினை விளக்குகிறார். அந்த ஆறில் துறவியாக அர்ப்பணிக்கும் சடங்கு இருக்கிறது. திருமணம் இல்லை! உன் மாணவி அந்தக் காலத்தில் பிறந்திருந்தால் "என் அப்பா அம்மாவுக்கு ஏன் ஒன்றும் இல்லை" என்று கேட்டிருப்பாள்.

பிறகு எப்படித் திருமணம் உள்ளே வந்தது? புதிதாக நுழைந்ததாக எண்ணிவிடாதே. பவுல் எபேசியருக்கு எழுதிய திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில், கணவன் மனைவி ஒன்றிப்பைக் கிறிஸ்துவுக்கும் திருச்சபைக்கும் உள்ள ஒன்றிப்போடு சேர்த்துச் சொல்லி, இது பெரிய மறைபொருள் என்கிறார். அங்கே அவர் எழுதிய கிரேக்கச் சொல் மிஸ்தேரியோன். இலத்தீன் விவிலியம் அதைச் சக்ரமெந்தும் என்று பெயர்த்தது; அருளடையாளத்துக்கு இலத்தீனில் வழங்கும் சொல்லும் அதுதான். புனித அகுஸ்தினார் திருமணத்தின் நன்மைகளாக மூன்றைச் சொல்லும்போது, மக்கட்பேறு, பற்றுறுதி என்ற இரண்டுக்குப் பிறகு மூன்றாவதாக அந்தச் சொல்லையே வைத்தார். விதை தொடக்கத்திலேயே இருந்தது. பெயர்ப்பலகை எழுதத்தான் நாள் பிடித்தது.

துறவு ஏன் வெளியே நின்றது என்பதற்கு நான் கற்பித்த காலத்தில் சொல்லிவந்த பதிலைச் சொல்கிறேன். துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்குறுதியான துறவற வார்த்தைப்பாடு புதிய ஓர் அருளைத் தொடங்கி வைப்பதில்லை. திருமுழுக்கில் பெற்ற அர்ப்பணத்தை வேர்வரை வாழ்ந்து பார்ப்பது அது. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் துறவறத்தைப் பற்றிய தன் ஆணையில் இதைத்தான் சொல்கிறது. "திருமுழுக்கே போதும்" என்று நீ சொன்னது தவறில்லை, மகளே. "போதும்" என்ற சொல்தான் பிள்ளைக்கு உறைத்திருக்கிறது. அந்தச் சொல்லை மாற்று. அத்தை திருமுழுக்கைத் தவிர வேறெதையும் தேடாமல் வாழ்கிறார் என்று சொல்லிப் பார்.

இப்போது உன் இரண்டாவது கேள்வி. இதற்கு வரலாறு மிக நன்றாகப் பதில் சொல்லும். 1563 வரை ஓர் ஆணும் பெண்ணும் சாட்சி எவரும் இல்லாமல், ஒரு மரத்தடியில் நின்று ஒருவரையொருவர் ஏற்றுக்கொண்டாலும் அது செல்லும். செய்தது பிழை என்று திருச்சபை கண்டிக்கும். ஆனால் திருமணம் இல்லை என்று சொல்லாது. ஏனென்றால் அருளடையாளத்தை ஆக்குவது அந்த இருவரின் சம்மதம். இதனால் எவ்வளவு கண்ணீர்! ஒருவன் ஒருத்தியை மறைவில் மணந்துவிட்டு, பிறகு அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்று மறுத்து, ஊரறிய வேறொருத்தியை மணப்பான். முதல் பெண்ணிடம் காட்ட என்ன சான்று இருக்கும்? இந்தக் கொடுமையை நிறுத்தத்தான் திரெந்து பொதுச்சங்கம் அந்த ஆண்டு நவம்பர் 11 அன்று, பங்குக் குருவும் இரண்டு மூன்று சாட்சிகளும் முன்னிலையில் இல்லாமல் செய்யும் திருமணம் செல்லாது என்று ஆணையிட்டது. அந்த ஆணை அறிவிக்கப்பட்ட இடங்களில் மட்டும் நடப்புக்கு வந்தது. உரோமை மரபைச் சேர்ந்த இலத்தீன் திருச்சபை முழுவதற்கும் ஒரே விதி என்றானது 1907ஆம் ஆண்டின் ஆணையால்தான்.

ஆக, குரு அங்கே நிற்பது திருச்சபையின் பெயரால் சம்மதத்தைக் கேட்டுப் பெறுவதற்கு. மணமக்களுக்கு அவர் ஆசி தருகிறார். ஆனால் அவர்களை மணமக்களாக்குவது அவர் அல்லர். கீழைத் திருச்சபைகளின் மரபில் இது வேறு. அங்கே குருவின் ஆசி இல்லாமல் திருமணம் செல்லாது. இதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிடு. இல்லாவிட்டால் பாதி உண்மையாகிவிடும்.


திருத்தொண்டரின் மனைவி

சகோதரி, உங்கள் மாணவியின் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று இரவு வெகுநேரம் விழித்திருந்தேன். ஐயா சொன்ன வரலாற்றுக்கு மேல் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. ஆனால் நீங்கள் கரும்பலகையில் ஒரே வட்டத்துக்குள் எழுதிய அந்த இரண்டும் எங்கள் வீட்டில் சேர்ந்து வாழ்கின்றன. என் கணவர் நிரந்தரத் திருத்தொண்டர்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றி. குருத்துவம் என்று நாம் சொல்லும்போது திருத்தொண்டர் கண்ணில் படாமல் போகிறார். ஆயர், குரு, திருத்தொண்டர் என்று அந்த அருளடையாளத்துக்கு மூன்று படிகள். என் கணவர் திருப்பலி ஒப்புக்கொடுக்க முடியாது, ஒப்புரவு வழங்க முடியாது. திருமுழுக்குக் கொடுக்கலாம், நற்செய்தி வாசித்து மறையுரை ஆற்றலாம், திருமணங்களை முன்னின்று நடத்தலாம், அடக்கச் சடங்கு செய்யலாம். இலத்தீன் திருச்சபையில் பல நூற்றாண்டுகளாகக் குருவாவதற்கு முந்தைய படியாக மட்டும் இருந்த இந்தப் பணியை, அதுவே ஒரு நிலையான பணியாக இருக்கட்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் மீட்டுத் தந்தது. திருமணமானவர்களும் ஏற்கலாம் என்றது. 1967இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அதற்கான விதிகளைத் தந்தார்.

இன்றைய திருச்சபைச் சட்டத்தில் 1031ஆம் எண்ணில் அது இருக்கிறது. திருமணமானவர் என்றால் வயது 35 நிறைந்திருக்க வேண்டும். அத்துடன் மனைவியின் இசைவும் வேண்டும். அந்த ஓர் இசைவுதான் என்னை நான்கு மாதம் அலைக்கழித்தது.

பயிற்சிக்குப் பொறுப்பாக இருந்த குரு என்னைத் தனியாக அழைத்தார். என் கணவரை வெளியே உட்காரச் சொன்னார். நான் அவருக்குத் துணையாக இருப்பேனா, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வேனா என்றெல்லாம் கேட்பார் என்று பதில்களோடு போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "யாராவது உங்களை வற்புறுத்தினார்களா?" எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே கேள்வியை என் திருமண நாளன்று, பீடத்தின் முன்னால், எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரு கேட்டிருந்தார். வற்புறுத்தல் இன்றி, முழு மனத்தோடுதான் வந்திருக்கிறீர்களா என்று. என் வாழ்நாளில் திருச்சபை என்னிடம் இந்தக் கேள்வியை இரண்டு முறை கேட்டிருக்கிறது.

பிறகு அவர் இன்னொன்றை விளக்கினார். திருநிலைப்பாடு, அதாவது திருத்தொண்டராக்கும் அருளடையாளம், பெற்றபின் நான் முதலில் இறந்துபோனால், என் கணவர் மறுமணம் செய்ய இயலாது. திருத்தந்தையிடமிருந்து சிறப்பு விலக்குக் கிடைத்தாலொழிய, கடைசிவரை தனியாகத்தான் வாழ வேண்டும். அப்போது எங்கள் கடைக்குட்டிக்கு மூன்று வயது. அதற்கு முந்தைய ஆண்டுதான் எனக்குப் பெரிய அறுவைச் சிகிச்சை ஒன்று நடந்திருந்தது. நான் இசைவு தருவது அவருடைய பணிக்கு மட்டும் அன்று. நான் இல்லாத வீட்டில், ஒரு சின்னப் பிள்ளையோடு, அவர் தனியாக இருக்கப்போவதற்கும் சேர்த்துத்தான். கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். வெளியே உட்கார்ந்திருந்தவர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த நான்கு மாதமும் கேட்கவே இல்லை.

ஒருநாள் மாலை செபத்தில் 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரம் வந்தது. மனைவிக்குத் தம் உடல்மீது அதிகாரம் இல்லை, கணவருக்கே அந்த அதிகாரம். அவ்வாறே கணவரின் உடல்மீது மனைவிக்கே அதிகாரம் என்று பவுல் எழுதுகிறார். எத்தனையோ முறை கேட்ட வசனம்தான். அது படுக்கையறையைப் பற்றிய பேச்சு என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அன்று எனக்கு வேறாகப் பட்டது. இந்த மனிதர் தம்மைக் கொடுத்துவிட்டார். பல ஆண்டுகளுக்கு முன்பு, சாட்சிகள் முன்னிலையில், எனக்குக் கொடுத்துவிட்டார். ஒருமுறை கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டுமானால் வாங்கியவளிடம் கேட்டாக வேண்டும். ஆயரேயானாலும் என்னிடம் கேட்டாக வேண்டும். திருச்சபை அந்த இசைவை வெறும் மரியாதைக்காகக் கேட்கவில்லை. ஓர் அருளடையாளம் இன்னோர் அருளடையாளத்தின் வாசலில் நின்று கதவைத் தட்டுகிறது!

அதற்குப் பிறகுதான் மறைக்கல்வி ஏட்டின் 1534ஆம் பத்தி எனக்கு விளங்கியது. மற்ற ஐந்தும் பெறுகிறவரின் மீட்புக்காக. இந்த இரண்டும் பிறருடைய மீட்புக்காக. பெறுகிறவருக்கு நன்மை வருவதும் பிறருக்குச் செய்யும் பணி வழியாகத்தான். எந்தக் குருவும் தமக்காகக் குருவாவதில்லை. தம் பாவத்தை மன்னிக்கத் தாமே அவரால் முடியாது. இன்னொரு குருவிடம்தான் போய் முழந்தாளிட வேண்டும். நானும் எனக்காக மனைவி இல்லை. இவற்றைத் திருச்சபை ஏன் ஒரே வட்டத்துக்குள் வைத்தது என்று யாராவது என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

கையெழுத்திட்டேன். திருநிலைப்பாட்டு நாளில் புனிதர்களின் மன்றாட்டு மாலை பாடியபோது அவர் தரையில் குப்புறப் படுத்திருந்தார். பிறகு எழுந்து ஆயர் முன் முழந்தாளிட்டார். ஆயர் அவர் தலைமீது கைகளை வைத்தார். ஒரு சொல்கூட இல்லை. கோயில் முழுவதும் அமைதி. அந்தக் கைகளும் அதன்பின் வரும் மன்றாட்டும்தான் திருநிலைப்பாட்டின் உயிர் என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1947இல் தெளிவுபடுத்தியதாகப் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அந்த மௌனத்தில் நான் அழுதேன். துயரத்தால் அன்று.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு எங்கள் வீட்டிலேயே பதில் நடந்தது. எங்கள் மூத்த மகளின் திருமணத்தை அவள் அப்பாவே முன்னின்று நடத்தினார். முந்தின நாள் அவள் அவரிடம், "அப்பா, நாளைக்கு நீங்கள்தான் எனக்குத் திருமணம் செய்து வைக்கப் போகிறீர்கள்" என்றாள். அவர் சொன்னார்: "இல்லை அம்மா. நீங்கள் இருவரும் செய்துகொள்ளப் போகிறீர்கள். நான் கேட்கப்போகிறேன்." மறுநாள் அப்படித்தான் நின்றார். அவள் தன் சம்மதத்தைச் சொல்லும்போது அவர் வாய் திறக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். இருவரும் சொல்லி முடித்தபிறகுதான், திருச்சபையின் பெயரால் அதை ஏற்றுக்கொள்ளும் சொற்களைச் சொன்னார். குரலில் நடுக்கம் இருந்தது. அந்தப் பையனிடம் இதைச் சொல்லுங்கள்.

அத்தையைப் பற்றி எனக்குத் தோன்றுவது இது. உயிர்த்தெழுந்தபின் யாரும் பெண் கொள்வதுமில்லை, கொடுப்பதுமில்லை என்று ஆண்டவர் சொன்னார். என் திருமணம் ஓர் அடையாளம். வீட்டுக்கு வழிகாட்டும் கல் போல. வீடு வந்தபின் கல் எதற்கு? அந்த அத்தையோ அந்த வீட்டில் வாழப்போகும் வாழ்வை இங்கேயே வாழத் தொடங்கிவிட்டார். அவரிடம் ஒன்றும் குறையவில்லை என்று அந்தக் குழந்தையிடம் சொல்லுங்கள்.


ஞாயிறு வகுப்பு ஆசிரியை

அக்கா, நன்றி என்று மட்டும் எழுதி முடிக்க மனம் வரவில்லை. இரண்டு முறை படித்தேன்.

ஒரு சந்தேகம் மட்டும். இரண்டும் ஒரே வட்டம் என்றால், கணவர் இறந்த பெண் மறுமணம் செய்யலாம். ஆனால் குரு என்றென்றும் குரு என்கிறோம். பணியை விட்டு விலகியவரும் குருதான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது?


பழைய உபதேசியார்

மூன்று அருளடையாளங்கள் ஆன்மாவில் அழியாத முத்திரை பதிக்கின்றன: திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம். அதனால் இவற்றை ஒருவர் ஒரே முறைதான் பெற முடியும். பணியிலிருந்து விலகி, மணமுடிக்காமல் வாழும் கடமையிலிருந்து திருத்தந்தையின் விலக்கும் பெற்று, மணமுடித்து வாழும் ஒருவர், சாகும் நிலையில் கிடக்கும் மனிதரின் பாவ அறிக்கையைக் கேட்டு மன்னிப்பு வழங்கினால் அது செல்லும். சட்டம் 976 அப்படித்தான் சொல்கிறது. முத்திரை போகவில்லை என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

திருமணத்தில் முத்திரை இல்லை, பிணைப்பு இருக்கிறது. முத்திரை ஒருவருக்குள் பதிவது. பிணைப்பு இருவருக்கு நடுவே இருப்பது. ஒருவர் இறந்தால் அது முடிகிறது. ஆனால் இருவரும் உயிரோடு இருக்கையில், திருமுழுக்குப் பெற்றவர்களிடையே சம்மதத்தால் உறுதியாகி, உடலுறவால் நிறைவேறிய திருமணத்தை எந்த மனித அதிகாரமும் அவிழ்க்க முடியாது, திருத்தந்தையாலும் முடியாது.

இன்னொரு வேறுபாடும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். குருவோ திருத்தொண்டரோ வர வழியே இல்லாத இடத்தில், ஒரு மாதம் காத்திருந்தாலும் யாரும் வரமாட்டார்கள் என்ற நிலையில், இரண்டு சாட்சிகள் முன்னால் மட்டும் சம்மதம் சொன்னாலும் திருமணம் செல்லும். சட்டம் 1116. ஆனால் எவ்வளவு பெரிய நெருக்கடி வந்தாலும் ஆயரின் கை படாமல் ஒருவர் திருத்தொண்டராகக்கூட ஆக முடியாது.


இரண்டிலும் இல்லாதவன்

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் குருமடத்தில் மூன்று ஆண்டுகள் இருந்து வெளியே வந்தவன். திருமணமும் ஆகவில்லை. எந்த வார்த்தைப்பாடும் கொடுக்கவில்லை. படுக்கையில் இருக்கும் என் தாயைப் பார்த்துக்கொள்கிறேன். வயது 47. கரும்பலகையில் அந்த மூன்றாவது வட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடுவேன். அந்தச் சிறுமியின் அத்தைக்குச் சொன்ன பதில் எனக்கும் பொருந்துமா?


திருத்தொண்டரின் மனைவி

தம்பி, உங்களுக்கு அவசரமாகப் பதில் எழுத எனக்கு அச்சமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

அத்தை தாமாகத் தேர்ந்துகொண்டார். உங்களுக்கு அது தேர்வாக வந்ததா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. அதனால் அவருக்குச் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். திருமுழுக்கில் உங்கள் தலையில் கிறிஸ்மா என்னும் புனித நறுமண எண்ணெய் பூசினார்கள். குரு, இறைவாக்கினர், அரசர் ஆகிய கிறிஸ்துவின் உறுப்பாக நீங்கள் இருக்கும்படி பூசுகிறோம் என்று சொல்லிப் பூசினார்கள். என் கணவர் ஒவ்வொரு குழந்தைக்கும் அதைச் சொல்வதைக் கேட்கிறேன். குருவின் உள்ளங்கையில் பூசுவதும் அதே கிறிஸ்மாதான். திருத்தொண்டருக்கு அந்தப் பூசுதல் இல்லை. திருநிலைப்பாட்டில் என் கணவர் கையில் பூசப்படாத எண்ணெய் உங்கள் தலையில் பட்டிருக்கிறது. நீங்கள் அம்மாவைத் திருப்பிப் படுக்க வைக்கும்போது அந்த எண்ணெய் பட்டவராகத்தான் அதைச் செய்கிறீர்கள்.

அம்மாவின் திருமுழுக்குப் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். இன்றைய செபத்தில் சேர்த்துக்கொள்கிறோம்.


ஞாயிறு வகுப்பு ஆசிரியை

வரும் ஞாயிறு முதல் வேலையாக அந்தச் சிறுமியிடம், "உன் கேள்விக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை" என்று எல்லோர் முன்னாலும் சொல்லப்போகிறேன். குருவாவதும் மணமுடிப்பதும் மற்றவருக்காக என்பதை ஏட்டிலிருந்து வாசிக்காமல், அக்காவின் கதையாகவே சொல்ல விரும்புகிறேன். அனுமதி உண்டா, அக்கா? பெயர் எதுவும் சொல்ல மாட்டேன்.


திருத்தொண்டரின் மனைவி

தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு திருத்தம் மட்டும். நான்கு மாதம் என்று எழுதியிருந்தேன். என் கணவர் இதைப் படித்துவிட்டு, நான்கு இல்லை, ஐந்து மாதம் என்கிறார். காத்திருந்தவர் அவர். அவர் கணக்கையே வைத்துக்கொள்ளுங்கள்.